கண் பூத்தல்

பன்னிரண்டரைக்கு மேசைகள் ஓயும்.
போழெனா சுவரோரம் போய் நிற்பாள்.
வெள்ளை ஓட்டுச் சுவர், காலையில்தான்
குளோரின் அடித்துக் கழுவியது.
எட்டடி தள்ளி, கவிழ்த்த மீன்பெட்டிமேல் நான்,
ரொட்டி மடியில்.

'ஆளைப் பார்க்காதே. ஆளின் ஓரத்தைப் பார்.
இமைக்காதே. ஆசைப்படாதே.
நாளுக்குப் பதினைந்து நிமிடம், நாற்பது நாள்.
ஒளிவட்டம் தானே வரும்'
என்றது நாலு கை மாறி வந்த நகல்,
கடைசிப் பக்கம் இல்லாமல்.
எங்களுக்கு வாய்த்தது பன்னிரண்டு நிமிடம்.
பாக்கி மூன்று கழிப்பறைக்கு.

ஐஸ்லாந்தின் இந்த மேற்குக் கோடியில்
நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் ஊருக்குள் எட்டிப்பார்க்கும்.
அன்று வீட்டுக்கு வீடு பான்கேக் சுடுவோம்.
அதுவரை செய்வதற்கு வேறென்ன இருக்கிறது,
ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர?

முதல் வாரம் கண்ணில் தண்ணீர்.
இரண்டாம் வாரம்
அவள் இடது தோள் தாழ்ந்திருப்பது,
உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டே நிற்பது.
என்ன எண்ணுகிறாய் என்றேன்.
பெட்டி, என்றாள். காலையிலிருந்து எத்தனை பெட்டி.

பத்தொன்பதாம் நாள் கண் பூத்தது.
பூத்த பூ நீலம்.
தோளோரம் ஒரு விரல் பருமனுக்கு,
கேஸ் அடுப்பைச் சிறுதீயில் வைத்தாற்போல்.
ரொட்டி விழுந்தது தெரியவில்லை எனக்கு.
நீலம் என்றால் அமைதி, குணமாக்கும் கை
என்றது நகல்.
அன்று சாயங்காலம் வரை போழெனா
காட் மீன்களைத்
தூங்கும் பிள்ளையைப் புரட்டுவதுபோல் புரட்டினாள்.

மறுநாள் சுவரோரம் நான். நானும் நீலம்.
அதற்கு மறுநாள்
'என்ன கூத்து இது' என்று நடுவில் வந்து நின்ற
மேஸ்திரி ஆஸ்வால்துர்,
ஆறு நிமிடத் தாமதத்துக்கு அரை மணிக் கூலி பிடிப்பவர்,
அவரும் நீலம்.
அமைதி. குணமாக்கும் கை.

எங்கேயோ இடித்தது.
கடைசி ஆளாகக் கிளம்பிய ஒரு மாலை
கொக்கியில் தொங்கிய என் அங்கியை, சும்மா,
அதன் ஓரத்தை, இமைக்காமல்.
நான் இல்லாமலே அது நீலமாய் எரிந்தது.

ஆரஞ்சு ரப்பர் அங்கி.
இங்கே எல்லாருக்கும் ஆரஞ்சு.
ஆரஞ்சையே தின்று சலித்த கண்
தொட்டுக்கொள்ள நீலத்தைத் தானே அரைத்துக்கொள்கிறது.
அவ்வளவுதான் சங்கதி.

போழெனாவிடம் சொல்லவில்லை.
அந்த வாரம்தான் அக்காளுக்குப் போன் போட்டு
தன் கைகளைப் பற்றிப் போலிஷில்
சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்துமூன்றாம் நாள் தலையைச் சாய்த்தாள்.
"ஸ்டெய்ன்வோர், உனக்கு இங்கே ஓட்டை."
தன் விலாவைத் தொட்டுக் காட்டினாள், வலதுபக்கம்.
"இங்கே மட்டும் எரியவில்லை."

எரியாது. அங்கே சாம்பல் நிற டேப்,
கிழிசலில் நானே ஒட்டியது.
இன்றோடு சொல்லிவிடுவோம், ஆரஞ்சு நீலம் எல்லாவற்றையும்
என்று வாயைத் திறந்தேன்.

மற்றவர் அங்கியெல்லாம் வயிற்றில்தான் தேயும்,
மேசை விளிம்பு உரசி.
என்னுடையது விலாவில்.
மார்ச்சில் வாங்கிய புது அங்கி.
மீனுக்கும் மீனுக்கும் நடுவே
முழங்கையை அங்கே அழுத்திக்கொள்கிறேன் போலிருக்கிறது,
எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாமல்.

ஓட்டையைச் செய்தது டேப்.
டேப்பைக் கேட்டது கிழிசல்.
கிழித்தது முழங்கை.
முழங்கையை அங்கே கூப்பிட்டது எது?

மணி அடித்துவிட்டது. வாய் திறந்தபடியே நான்.
போழெனா கையுறையை உருவிப்போட்டு
டேப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.
மீன் வாடை. ஐஸ் மாதிரிக் குளிர்.

வியாழக்கிழமைதான் டாக்டர் வருவார்,
மலைப்பாதை திறந்திருந்தால்.