பத்தடிக்கு நாலடி

கஸ்தூரியார் வீதி, மூன்றாம் மாடி.
மை மணம் மத்தியானச் சோற்றிலும் ஏறும்.
சம்பளச் சிட்டையில் நான் டிசைனர்.

காலையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா,
பிறகு ஒரு முப்பத்தோராம் நாள்.
இரண்டுக்கும் ஒரே ரோஜாப்பூக் கரைதான்,
நிறத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.
கொழும்பிலிருந்து வந்த திணைக்களப் பலகையில்
ஒரு கொம்பு தன் எழுத்தைவிட்டுத் தனியே நின்றது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
பிடித்துக்கொண்டுபோய் ககரத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.
யாரும் கேட்கவில்லை.
அதற்குக் காசும் இல்லை.

மூன்று மணிக்கு அபிசன் வந்தான், கூட நாலு பேர்.
ஒரு மோட்டார் சைக்கிளில் எப்படி என்று நான் விசாரிக்கவில்லை.
“பத்தடிக்கு நாலடி அக்கா. நல்ல பெரிய எழுத்து.
சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துப் போடாதேங்கோ,
பேந்து ஆக்கள் வந்து கேப்பினம்.”
போனில் எழுதி வைத்திருந்தான்:
தாய்மொளி எங்கள் உயிர்.

“என்னக்கா, பிழையே?”

எங்கள் ஊரில் மழை ‘மளை’ என்றுதான் பெய்யும்.
வாழைக்குலை ‘வாளைக்குலை’யாகத்தான் பழுக்கும்,
ருசியில் ஒரு குறையும் இல்லை.
ஆனாலும் அவனுக்கு விளக்க வேண்டுமே என்று
திருத்தமாக, நிறுத்திச் சொன்னேன்:
“மொளி இல்லையடா. மொளி.”

ஐந்து பேரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

என் நாக்குக்குத் தெரியாத எழுத்து அது.
விரலுக்குத் தெரியும்.
தரம் ஆறில், சொல்வதெழுதுதலில்,
பத்துக்கு இரண்டு வாங்கிய அன்றைய கோபம்
இன்னும் விரலில் இருக்கிறது.

ஒரு சின்னவன், கதவோடு சாய்ந்து நின்றவன், கேட்டான்:
“அப்ப நாங்கள் கதைக்கிறது பிழையே?”
“இல்லை” என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
“பலகையில வந்தாத்தான் பிழை. வாயில வந்தா ஊர்.”
“பலகையில ஊரைப் போட்டா என்ன?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மின்விசிறி சுற்றியது.
அபிசன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்,
“அக்கா சொல்லுறா, போடு” என்றான்,
போடுவது நான்தான் என்பதை மறந்து.

ளகரத்தை அழித்தேன்.
ழகரத்தை வைத்தேன், இழுத்துப் பெரிதாக்கினேன்.
பத்தடித் துணியில் அது
குந்தியிருக்கும் ஒரு பிள்ளையின் அளவு.
அந்தச் சின்னவன் கிட்ட வந்து
திரையில் அதன் வால் சுழியை
விரலால் ஒருக்கால் ஓட்டிப் பார்த்தான்.
கண்ணாடியில் தடம் விழுந்தது. துடைக்கவில்லை.

இரவு எட்டரை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
ழகரம் பாதி வெளியே வந்திருந்தது, ஈரமாக.
அபிசனின் செய்தி.
ஆங்கில எழுத்தில் ஏறி வந்த தமிழ்:
அடிச்சு முடிஞ்சுதோ அக்கா?

ஓம் என்று தட்டினேன்.
என் போனுக்கு அது விளங்கவில்லை,
ஒரு சாமிக் குறியாக்கி அனுப்பிவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு அங்கிருந்து
கும்பிட்ட கை ஒன்று வந்தது.
அதற்குக் கீழே,
விடிய வாறம்.