கிழிக்காத ரசீது

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால்
சங்க ஆபீஸ் பீரோவைக் காலி செய்தோம்.
பாதி கரையான், பாதி வெள்ளத்துச் சேறு.
மிச்சத்தில் ஒரு ரசீதுப் புத்தகம்,
முப்பத்தாறாம் வருஷத்தது.

எண் 217.
பெயர்: இன்ரிக்கு பூர்மான்.
தொழில்: கப்பலில் கரி தள்ளுவது.
ஊர் என்ற இடத்தில்
ஹாம்பர்க் என்று எழுதி, அடித்து,
துறைமுகம் என்று எழுதியிருக்கிறது.
சந்தா நாலணா.

மற்ற ரசீதெல்லாம் பாதியாய் நிற்கிறது,
கிழித்த ஓரத்தில் பல் பல்லாய்.
இது ஒன்று முழுசு.

பின்பக்கம் பென்சிலில், குமாஸ்தா தனகோட்டி:
"சிலந்திக் கொடி கட்டிய கப்பல். பிண்ணாக்கு ஏற்ற வந்தது.
இருட்டின பிறகு தனியாய் வந்தார்.
பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை.
அவங்க ஊரில் மே ஒண்ணுக்கு லீவும் விட்டு
கூலியும் கொடுத்து
மே ரெண்டு காலையில்
சங்கக் கதவை உடைத்தார்களாம்.
அதிலிருந்து மூணு வருஷமாய்
எந்தக் கரையில் இறங்கினாலும் சங்கத்தைத் தேடி
ஒரு மாசச் சந்தா கட்டுகிறார்.
சீட்டு வேண்டாம் என்கிறார்.
கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.
அது மட்டும் உடனே புரிந்தது."

குண்டூசி துருவோடு ஒரு கடிதம், ஐம்பத்தொன்றில்.
தங்கை எழுதியது.
நாற்பத்திரண்டில் சிறையிலிருந்து உடுப்பு வந்ததாம்,
பொத்தான் ஒன்றுகூட இல்லாமல்.
அவர் சங்கத்து ஆள் என்பதற்கு
அத்தாட்சி கேட்கிறார்களாம் இப்போது.
"அண்ணன் கப்பல் தொட்ட துறைமுகங்களுக்கெல்லாம் எழுதுகிறேன்.
இது பதினோராவது."
மேலே சிவப்பு மையில்: பதில் எழுதவும்.

எழுதவில்லை.
எழுதியிருந்தால் ரசீது இங்கே இருக்காது.

நான் எண்ணூர் ரோட்டு யார்டில்
கண்டெய்னர் நம்பர் குறிக்கிறவள்.
போன மே தினத்துக்கு பிரியாணியும்
ஸ்டீல் டப்பாவும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.
திங்கட்கிழமை ஒரு தாள் நீட்டுவார்கள்:
நான் எந்தச் சங்கத்திலும் இல்லை,
கீழே கையெழுத்து.

முப்பது ரூபாயை மேஜையில் வைத்தேன்.
மஸ்தான் பாய் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டார்:
"கேட்டுல பையக் கொட்டிப் பாக்குறானுங்க.
உன் பாதி இங்கியே கெடக்கட்டுமா ரெஜினா?"

வெளியே ஒரு டிரெய்லர்,
ஜன்னல் கம்பியெல்லாம் நடுங்க
போய் முடிகிற வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

ஸ்கேலை எடுத்தார்.
வேண்டாம் பாய், கையாலேயே கிழிங்க.

கேட்டது அந்தச் சத்தம்,
கொடுக்காப்புளி ஓடு பிரிகிற மாதிரி.
மடித்து மொபைல் கவரில் வைத்தேன்.

217-ஐ என்ன செய்வது?
அந்தத் தெரு இருக்கிறதோ இல்லையோ,
குண்டு விழுந்த ஊர்.
தங்கையும் இருக்க மாட்டாள்.
அவளுக்கு யாராவது இருப்பார்கள்.
ஜெர்மனிக்கு எத்தனை ரூபாய் ஸ்டாம்பு என்று கேட்க வேண்டும்.
மணி ரெண்டே முக்கால்.
தபால் ஆபீஸில்
மூணு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.