போதும் என்பதற்கு

மஸ்கட்டில் ரியாலுக்கு ஆயிரம் பைசா.
கொட்டேஷனில் புள்ளிக்குப் பின்
மூன்றாம் இலக்கம் போட மறந்திருந்தேன்.

கைஸ் அல் ஹார்த்தி சிரித்தார்.
அல்வாத் தட்டை என் பக்கம் நகர்த்தி
கஹ்வா ஊற்றினார்.
குடித்தேன். ஊற்றினார். குடித்தேன்.
ஏழாவதில்
வால்வு விலையை
நானே குறைத்துவிட்டிருந்தேன்.

"கோப்பையை லேசா ஆட்டணும் மேடம்,
போதும்னு அர்த்தம்."
முத்ரா மீன் சந்தையில் சொன்னார்
வண்டியோட்டி ஜாபிர்,
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி.

மலைமேல் கோட்டை. படம் எடுத்தேன்.
கடலோரக் கடையில் சுறாவும் சோறும்:
எங்கள் புட்டைவிட
ஒரு கல் உப்பு தூக்கல்.
மார்ஜின் கேட்டு
கோவையிலிருந்து மூன்று அழைப்பு.
எடுக்கவில்லை,
கையெல்லாம் மீன்.

இரவு விமானத்தில்
தேநீர்க் கோப்பையை ஆட்டினேன்.
பணிப்பெண்
நிரப்பிவிட்டுப் போனாள்.