நான்காவது மன்றாட்டு

மாவட்டம் பிரிந்த வருஷம் அது.
பர்கூர் ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர்,
சவேரியார்புரம்.
ஏரியில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்,
தண்ணீர் நின்ற அடையாளம் கரைக்கல்லில் மட்டும்.

ஞாயிறு ஆறரைப் பூசை.
மன்றாட்டு வாசிக்க என் முறை.
திருத்தந்தைக்காக. நோயாளிகளுக்காக. படிக்கிற பிள்ளைகளுக்காக.
நான்காவது:
வறண்ட எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் தாரும்,
வெள்ளமாய்த் தாரும்.
வெள்ளமாய் என்பது நான் சேர்த்தது.
ஃபாதர் கொடுத்த தாளில் இல்லை.

பூசை முடிந்து பார்த்தால்
குடிலில் ஒரு செம்மறி கவிழ்ந்து கிடந்தது,
கண்ணாடிக் குளத்தில் முகம் வைத்து.
பூனை என்றார் கோயில்பிள்ளை.
நிமிர்த்தி வைத்துவிட்டு
வீட்டுக்குப் போய் இட்லி தின்றேன்.

மத்தியானம் சலூன் டிவியில் கடல் வந்தது.
எங்களில் முக்கால்வாசிப் பேர்
கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை.
"இது எத்தனை மதகு திறந்த தண்ணி?" என்றார்
தனிஸ்லாஸ் மாமா.
யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று கோயிலும் ஒரே இடத்தில் கூடின.
ஒலிபெருக்கிச் சண்டைக்குப் பிறகு
ஃபாதரும் பெந்தேகோஸ்தே பாஸ்டரும்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தது அன்றுதான்.
லாரி, மாங்கூழ் ஆலை பாஷா பாய் தந்தது.
டீசல் லுத்தரன் சபை.
பேனரில் யார் பெயர் முதலில் என்பதற்கு
இரண்டு மணி நேரம்,
மூன்று சுற்று டீ.
கடைசியில் மூன்று பெயரும் மூன்று வண்ணத்தில்
ஒரே உயரத்தில்.

கேழ்வரகு மாவு நான்கு மூட்டை.
புளி.
ஜாக்கெட் இல்லாத சேலைகள், பட்டன் இல்லாத சட்டைகள்,
ஒருத்தி மட்டும் கூறைப்புடவையை மடிப்புக் கலையாமல் வைத்தாள்,
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
கணக்கு நோட்டில் "ஒரு புடவை" என்று எழுதினேன்.

அப்போது நாகப்பட்டினத்திலிருந்து
சிஸ்டர் ரெஜினாள் போன்.
துணி வேண்டாம், துணி ரோட்டில் கிடந்து மிதிபடுகிறது.
உங்கள் பக்கம்
குழி வெட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்களே.

குவாரி ஆட்கள் ஒன்பது பேர்.
எஸ்தாக்கி, தீமோத்தேயு, ஞானாபரணம்,
எந்தக் கோயிலுக்கும் போகாத மாரப்பனும்.
கடப்பாரை, சங்கிலி, மண்வெட்டி,
வாய்க்குக் கட்ட துண்டு, கற்பூரம்.
ஊத்தங்கரை, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று
ராத்திரி முழுக்க கீழே கீழே இறங்கிப் போனார்கள்.

கல்லை உடைத்தே பழகிய கைக்கு
அந்த மணல் பிடிபடவில்லையாம்.
வெட்ட வெட்டச் சரிந்து மூடிக்கொள்ளுமாம்.
இதைச் சொன்னதோடு எஸ்தாக்கி நிறுத்திவிட்டான்.
பேனர் எங்கே என்று பாஸ்டர் கேட்டபோது
மாரப்பன்தான் சொன்னான்:
"தூக்கறதுக்குத் துணி பத்தல.
அது நல்ல கெட்டி பேனர், சாமி.
மூணு பேரத் தூக்கினோம்."
பாஸ்டர் ஃபாதரைப் பார்த்தார்.
செலவுச் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு,
ஆட்கள் இன்னும் திரும்பாதபோது,
அதே தாள் என் கைக்கு வந்தது.
மூன்று வாசித்தேன்.
நான்காவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது.
நான் வாயைத் திறக்காமலே,
பழக்கத்தில், கோயில் முழுக்க:
ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

என்ன கேட்டார்கள் அவர்கள்?

தவக்காலம் முடியும்வரை
அந்த ஒன்றை விட்டுவிட்டே வாசித்தேன்.
ஃபாதர் கவனித்தார், கேட்கவில்லை.
கேட்டவன் எஸ்தாக்கிதான்,
சைக்கிளை மிதித்துக்கொண்டே, இறங்காமல்:
"ஏன் டீச்சர், தண்ணிக்குக் கேக்கறதில்ல?"

சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பற்றியும் சொன்னேன்.

காலை ஊன்றி நின்றான்.
நகக்கண்ணில் இன்னும் என்னமோ இருப்பதுபோலத் தேய்த்தான்.
"போர்ல நேத்து புகை வந்துச்சி.
மாடு குடிக்கணும்.
படி."

அடுத்த ஞாயிறு படித்தேன்,
தாளில் இருந்ததை மட்டும்.