வடக்கே போகும்போது

தெற்கே ஓட்டினால் பேசும்.
வடக்கே திருப்பினால் வாயை மூடிக்கொள்ளும்.
கலியென்டேயில் வீட்டை விற்று
பிக்கப்பின் முதுகில் கேம்பரை ஏற்றியதிலிருந்து
எங்கள் ரேடியோவின் குணம் இது.

ஆரின் முதலில் ரேடியோவைத் திட்டினான்,
பிறகு மாதாமாதம் சந்தா பிடிக்கும் கம்பெனியை.
ஈலியில் ஒரு கடைக்காரனிடம் முப்பது டாலர் அழுது
புது ஆன்டெனா வாங்கி டேஷ்போர்டில் உட்கார வைத்தான்.
மெக்கில் தாண்டியதும்,
மூன்றாவது இன்னிங்ஸ், பந்து வீசுகிறவன் கையை உயர்த்துகிறான்,
வர்ணனையாளன் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.
உயர்த்திய கை அப்படியே நின்றது
நெவாடாவுக்கு மேலே எங்கோ.

நெடுஞ்சாலை தொண்ணூற்று மூன்று.
இருபுறமும் சேஜ் புதர், உப்புப் பூத்த தரை.
எதிரே லாரி வந்தால்
ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரல் எழும், அதுதான் வணக்கம்.
வெல்ஸ் வரைக்கும் நூற்றுச் சொச்சம் மைல்.
பேசாமல் ஓட்டுவதற்குக் கொஞ்சம் நீளம் அதிகம்.

நாற்பத்தொரு வருஷமாய் எங்களுக்கு நடுவே
யாராவது ஒருத்தர் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.
மகள்கள். நாய். ஷிஃப்டு மாறும் சங்கு.
எல்லோரும் போனபின்
வானத்திலிருந்து இந்த ஆட்டம்.

ஷெல்போர்ன் பக்கம் நான் சொன்னேன்:
"வீட்டை விற்க எனக்கு மனசே இல்லை."
கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது.
தாளம் போட்டுக்கொண்டிருந்த அவன் கட்டைவிரல்கள் நின்றன.
பதிலுக்கு ரேடியோவின் பொத்தானை அழுத்தினான்.
சிக்னல் தேடுகிறது, என்று எழுத்து ஓடியது.
தேடட்டும் என்று விட்டுவிட்டோம், இருபது மைல்.

கர்ரியில், ரயில் வராத ரயில் நிலையத்துக்கு எதிரே
ஓரம் கட்டினான்.
இறங்கிப் பின்னால் போனான், முன்னால் வந்தான்,
தெற்கே பார்த்து நெற்றிக்கு உள்ளங்கையால் குடை பிடித்தான்.
"சாட்டிலைட் அந்தப் பக்கம் நிற்குது, லொவீனா.
ஆன்டெனா இந்தப் பக்கம்.
நடுவுல நம்ம கட்டில்."

ஏணியில் ஏறினான், அறுபத்தொன்பது வயசு முழங்கால்கள்
ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் சொல்ல.
கேம்பரின் கூரை அலுமினியம்.
ஆன்டெனாவின் காந்தம் அதைச் சீந்தவில்லை;
வழுக்கி வந்து என் காலடியில் விழுந்தது.

உள்ளே போனேன்.
அலமாரியின் அடியில், துண்டில் சுற்றி,
பை சுடுகிற என் இரும்புத் தட்டு.
கேம்பர் அடுப்புக்குள் அது நுழையாது.
ஏன் கொண்டுவந்தாய் என்று அவன் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.
விளிம்பில் பாதாமிச் சாறு கருகிய கறை,
பழைய சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மேலே நீட்டினேன்.
தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"உனக்கு வேண்டாமா?"
"கவிழ்த்து ஒட்டு" என்றேன்.

ஒழுகலுக்கு வைத்திருந்த பசையைப் பிதுக்கி ஒட்டினான்.
காந்தம் டக்கென்று உட்கார்ந்தது.
ஒயரை ஜன்னல் ரப்பருக்குள் இரண்டு பேருமாய்த் திணித்தோம்,
என் நகம் ஒன்று போயிற்று.

மறுபடி வடக்கே.
குரல் வந்தது, விட்ட இடத்தில் அல்ல,
ஏழாவது இன்னிங்ஸில்.
கையை உயர்த்தியவனை எப்போதோ மாற்றிவிட்டிருந்தார்கள்.
அவன் வீசிய பந்து என்ன ஆனது என்று
யாரும் சொல்லவில்லை.

பத்து மைல் போனபின் ஆரின் சத்தத்தைக் குறைத்தான்.
"மனசில்லைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே."
"அப்ப ரேடியோ ஓடிட்டிருந்தது."

அவன் சிரிக்கவில்லை.
அணைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன்:
"இரு. ரெண்டு பேர் அவுட்.
மூணு பேஸிலும் ஆள் நிக்கிறான்."

அவன் விரல் குமிழின் மேலேயே இருந்தது.
தலைக்கு மேலே, காற்றில்,
தட்டு ஒருமுறை கடகடத்து அடங்கியது.
வெல்ஸுக்கு இன்னும் அறுபது மைல்.