நாலு நூல்

அரை அங்குலப் பலகை.
எங்கள் கணக்கில் நாலு நூல்.
அதன் ஓரத்தில் ஒரு வாய் தோண்ட வேண்டும்,
எதிர்ப்பலகையில் அதே அளவில் இன்னொரு வாய்.
நாக்கு மட்டும் தனி.
எந்தப் பலகையிலும் முளைக்காதது,
பழைய முதிரைக் கட்டில் காலின் மிச்சத்தில்
சீவி எடுத்தது, ரெண்டு நூல் தடிப்பு.
ஆக, நாக்குக்கு மேலே ஒரு நூல் சுவர்,
கீழே ஒரு நூல் சுவர்.
வாயால் சொல்லும்போது சரியாகத்தான் வருகிறது.

ஜெஸீமா கேட்டது தறிக்குச் சட்டம், நாலு.
"பாரமா இரிக்கப்படா.
பழசை மிதிச்சு மிதிச்சுக் கால் நரம்பு செத்துப்போச்சு."
மகோகனியில், மெல்லிசாக, ஆணி இல்லாமல்.
ஆணி துருப்பிடித்தால்
வெள்ளைச் சாரனில் கறை.

முதல் சட்டத்துக்கு
நடு பிடித்தேன், கோடு போட்டேன்,
ரூட்டரை ஓடவிட்டேன்.
பூட்டிப் பார்த்தால் மூலையில் ஒரு படி.
கண்ணுக்குத் தெரியாது; நகம் தட்டுகிறது.
நிமிர்ந்த பலகையில் அரை மயிர் இந்தப் பக்கம் தவறியிருக்கிறேன்,
கிடைப்பலகையில் அரை மயிர் அந்தப் பக்கம்.
நகம் தட்டுகிற இடத்தில்
அவளுடைய நூல் அறும்.

இரண்டாவதுக்கு ஒரு தந்திரம்:
ஒரு முகத்திலிருந்து ஒரு தரம் தோண்டு,
புரட்டிப் போட்டு மறுமுகத்திலிருந்து ஒரு தரம்.
பிழை இரு பக்கமும் சமமாய்ப் பங்காகி
நடு தானாக வந்துவிடும்.
வந்தது.
வாய் அகன்றுபோய் நாக்கு லொடலொடவென்று ஆடியது.
தடித்த நாக்காய்ப் புதிதாகச் சீவி,
பசை தடவி, இறுக்கிவிட்டுப் படுத்தேன்.
இரவெல்லாம் கச்சான்.
காலையில் சுவர் வெடித்துக் கிடக்கு,
வெற்றிலை நரம்பு மாதிரி ஒரு கீறல்.
நாக்கு இருந்ததோ
மயிரளவும் பிசகாத நடுவில்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்கு
ஸ்கூட்டியில் எவ்வளவு நேரம்?
நான் பசைக்கையைத் துடைக்குமுன் வந்து நின்றாள்.
"இன்னம் முடியல்லியா?"

வெடித்ததைக் காட்டினேன்.
ஒரு நூல், ரெண்டு நூல் என்று கணக்குச் சொன்னேன்.
"இதா ஒரு நூல்?"
விளிம்பை விரலால் அளந்து சிரித்தாள்.
"இதுக்குள்ள எனக்கு எட்டு ஓடும்."
பிறகு ஒரு துண்டை எடுத்துப் புரட்டினாள்,
திரும்பவும் புரட்டினாள்.
"இதுல எது முகம்?"
எனக்கு விளங்கவில்லை.
"சாரனுக்கு முகம் இரிக்கி, முதுகு இரிக்கி.
பலகைக்கு இல்லியா?"

இருக்கிறது.
சீவின கையோடு முகத்தில் பென்சிலால்
ஒரு சுழி போடுவேன் முன்பெல்லாம்.
மெசின் வாங்கியபிறகு எல்லாப் பக்கமும் ஒரே மழமழப்பு,
சுழி போடுவது எப்போது நின்றதென்று
எனக்கே தெரியாது.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
பதினாறு துண்டு, பதினாறு சுழி.
சுழி போட்ட முகத்தையே கட்டையோடு அணைத்து
எல்லா வாயையும் ஒரே பக்கத்திலிருந்து தோண்டினேன்.
நடுவை அளக்கவே இல்லை.
நாக்கு கொஞ்சம் முகத்துக்குக் கிட்டத்தான் கிடக்கு.
எல்லா மூலையிலும் அதே கொஞ்சம்.
நகத்தை ஓட்டினேன்.
மறுகாவும் ஓட்டினேன்.

கொடுக்கிற அன்று சுழிகளை உரசப் போனேன்.
"கிடக்கட்டும்" என்றாள்.
காசில் ஐந்நூறு குறைத்தாள்,
முகம் கண்டுபிடித்த கூலியாம்.

வெடித்த சட்டம் இன்னும் என்னிடம்.
கச்சான் நாளில் பட்டறைக் கதவுக்கு
அடைகொடுக்க உதவுகிறது.
வெயில் சாயும்போது கீறலுக்குள்
முதிரை மஞ்சளாய்த் தெரியும்,
நட்ட நடுவில்.