பார்க்கலாம்

கோத்தகிரியில் காலை பத்து மணிக்கும்
விளக்கைப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள்.
சன்னலில் மலை இல்லை, மேகம் நின்றது.
மேசை மேல் பதினொரு வெள்ளைக் கிண்ணம்,
பதினொரு தேநீர்.

போஜ கவுடர் சத்தமாக உறிஞ்சி,
நாக்கில் உருட்டி,
பித்தளைக் குவளையில் துப்பினார்.
ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான்.
ஒகினோ துப்பவில்லை.
பதினொன்றையும் விழுங்கினார்.
ஏழாவதில் அவர் கழுத்து நரம்பு
ஒருமுறை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல"
என்றார் கவுடர் என் காதில்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒகினோ பல்லிடுக்கில் லேசாக மூச்சிழுத்து
"ஊருக்குப் போய் நன்றாக ஆலோசிக்கிறோம்" என்றார்.
அவர்கள் ஊரில் அதற்கு அர்த்தம்: இல்லை.
முக்காற்புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தாலும் சரிதான்.

"மருந்தடிக்காத இலை மட்டும் தனியாகக் கிடைக்குமா?"
இது ஒகினோ.
"பார்க்கலாம்."
இது கவுடர்.
கடன் கேட்ட மச்சானிடம்,
ஜாதகம் கொண்டுவந்த தரகரிடம்,
நீங்களும் நானும் சொல்லியிருக்கிற
அதே பார்க்கலாம்.

இரண்டு இல்லைகளையும்
கசங்காமல் மடித்து
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொடுத்தேன்.
நாள் கூலி இரண்டாயிரம்.
இருவரும் மகிழ்ச்சி என்றார்கள்.
இருவருக்கும் மகிழ்ச்சி என்றேன்.

"ஒன்றுக்கும் உதவாத சின்னப் பொருள்தான்"
என்று ஒகினோ இரண்டு கையாலும் நீட்டிய பெட்டியை
"எதுக்குங்க இதெல்லாம்" என்றபடி
கவுடர் இரண்டு கையாலும் வாங்கினார்.
அந்த ஓர் இடத்தில்
நான் தேவைப்படவே இல்லை.

கார் கிளம்பி
கேட் சாத்தும்வரை கையசைத்துவிட்டு
மெதுவாகக் கேட்டேன்,
போன தடவை வந்த ஒசாகாக்காரர்கள்,
அதற்கு முந்தைய மூன்று நாள், பாக்கி.
கவுடர் மேகத்தைப் பார்த்தார்.
"பார்க்கலாம்மா."
"பரவாயில்லைங்க" என்றேன்.
பித்தளைக் குவளை
கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
விழுங்கினேன்.

டானிங்டனில் பஸ் ஏறி
ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
"சில்லறை இல்லேன்னா இறங்கிக்க."
முகத்தைக்கூடப் பார்க்கவில்லை கண்டக்டர்.
ஈரக் கம்பளி வாசனை, டீசல், யாருடையதோ முட்டைக்கோஸ் மூட்டை.
எழுந்து அவர் கையைப் பிடித்துக்
குலுக்க வேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் ஆள் இருந்ததால்
மூக்குவரை வந்த சிரிப்பை
இருமலாக
மாற்றிச் சொன்னேன்.